இரண்டு நிமிடம் பிந்தி வந்த விடை

பாடசாலைகளுக்கு இடையிலான நிரலாக்கப் போட்டியில் இந்த வருடத்திலிருந்து நடுவர்கள் ‘உறுதி செய்’ என்ற பொத்தானை அழுத்தத் தேவையில்லையாம். பிள்ளைகள் அனுப்பும் நிரலை இயந்திரமே ஓட்டிப் பார்த்து, சரியா பிழையா என்பதை நேராக அவர்களுடைய திரைக்கே அனுப்பிவிடுமாம். ஹட்டனில் நான் இருந்த கணினி வள நிலையத்தில் இப்போது பொறுப்பாக இருக்கும் ரேணுகா தொலைபேசியில் இதைச் சொன்னாள். நான் கோபத்தில் குதிப்பேன் என்று எதிர்பார்த்தாள் போலிருக்கிறது.

“நீங்க இத்தன வருசமா கண்ணக் கெடுத்துக்கிட்டு செஞ்ச வேல மிஸ். உங்க அனுபவத்த ஒரு கட்டுரையா எழுதித் தாங்களேன். புதுசா வர்ற நடுவர்களுக்கு ஒதவும்,” என்றாள்.

எனக்குக் கோபம் சுலபமாக வரும். என்னிடம் படித்தவர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். ஆனால் இந்தச் செய்திக்குக் கோபம் வரவில்லை. சரி, எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு, கொட்டகலையில் என் வீட்டு மேசையில் கொப்பியை விரித்து உட்கார்ந்தேன். நடைமுறைகளைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். எழுதத் தொடங்கிய பிறகு, நான் யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது என்று தெரிந்தது.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். அம்மா கொழுந்து பறித்தார், அப்பா தொழிற்சாலையில் வேலை. கணித ஆசிரியையாக நியமனம் கிடைத்து, இரண்டு வருடத்தில் “கம்பியூட்டர் படிக்க யார் போறீங்க?” என்று அதிபர் கேட்டபோது, மற்றவர்கள் குனிந்துகொண்டதால் நான் போனேன். ஆறு மாதப் பயிற்சி. திரும்பி வந்ததும் கணினி வள நிலையத்தில் போட்டார்கள். ஓய்வு பெறும்வரை அங்கேதான்.

ஆரம்பத்தில் போட்டி என்றால் ஓட்டம். பிள்ளைகள் நிரலை எழுதி முடித்ததும் கையைத் தூக்குவார்கள். நான் பென்டிரைவை எடுத்துக்கொண்டு ஓடி, அதில் பிரதி எடுத்து, நடுவர் அறைக்கு வந்து, ஓட்டிப் பார்த்து, ஒரு துண்டுத் தாளில் ‘சரி’ அல்லது ‘பிழை’ என்று எழுதி, திரும்ப ஓடிப் போய்க் கொடுக்க வேண்டும். இருபது அணி. பத்து மணிக்கே முழங்கால் கழன்றுவிடும். ஒரு வருடம் ஒரு கணினியிலிருந்த வைரசை என் பென்டிரைவே மற்ற எல்லாக் கணினிக்கும் பரிமாறிவிட்டது. போட்டியை நிறுத்திவிட்டு எல்லாருக்கும் பணிசும் தேநீரும் கொடுத்து அனுப்பினோம்.

பிறகு இணைய மென்பொருள் வந்தது. பிள்ளைகள் ஓர் இணையப் பக்கத்தில் நிரலைப் பதிவேற்றுவார்கள். அது வரிசையில் வந்து நிற்கும். இயந்திரம் அதற்கு நாங்கள் மறைத்து வைத்திருக்கும் சோதனைத் தரவுகளைக் கொடுத்து ஓட்டும். வருகிற விடையை எங்களுடைய விடையோடு வரிக்கு வரி ஒப்பிடும். நடுவரின் திரையில் ‘சரி’ என்றோ, ‘பிழையான விடை’ என்றோ, ‘நேரம் போதவில்லை’ என்றோ காட்டும். நடுவர் அதைப் பார்த்து ‘உறுதி செய்’ என்பதை அழுத்திய பிறகுதான் அணிக்குப் போகும். பிள்ளைகளுக்கு வினா விளங்காவிட்டால் அதே பக்கத்தில் ‘விளக்கம் கேள்’ என்று ஓர் இடம் இருக்கும். அதில் எழுதி அனுப்பினால் எங்களுக்கு வரும். பதில் எழுதலாம், அல்லது முன்கூட்டியே தயாராக இருக்கும் பதில்களில் ஒன்றைத் தெரிந்தெடுக்கலாம். அந்தப் பட்டியலில் முதலாவது, ‘வினாவை மீண்டும் வாசிக்கவும்.’

இதையெல்லாம் எனக்குச் சொல்லித் தந்தவர் பிரதம நடுவர் அருளம்பலம் சேர். கணிதத்துக்கு ஆசிரிய ஆலோசகராக யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, குளிரைத் திட்டிக்கொண்டே இருபது வருடத்துக்கு மேல் எங்கள் பக்கம் இருந்தவர். சித்திரை வெயிலிலும் சுவெட்டரைக் கழற்றமாட்டார். குரலை உயர்த்த மாட்டார். எவ்வளவு அவசரம் என்றாலும் கண்ணாடியைத் துடைத்து மாட்டிய பிறகுதான் திரையைப் பார்ப்பார். எனக்கு அதைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வரும்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. ‘சரி’ என்று வருவதை நாங்கள் உடனே உறுதி செய்யலாம். ‘பிழை’ என்று வந்தால் அந்த நிரலைத் திறந்து வாசித்து, ஏன் பிழை என்று ஒரு வரி கொப்பியில் எழுத வேண்டும். எழுதிய பிறகுதான் பொத்தானை அழுத்தலாம்.

“சேர், மெசின் தான் பிழைன்னு சொல்லுதே. நாங்க எதுக்கு வேற எழுதணும்?” என்று முதல் வருடமே கேட்டேன்.

“சரியெண்டு சொன்னால் ஒருத்தரும் காரணம் கேக்கமாட்டினம், பிள்ளை. பிழையெண்டு சொல்லத்தான் காரணம் வேணும். காரணம் தெரியாமல் நீர் பிழை எண்டு அனுப்பினால், அது உம்மடை பிழையோ அந்தப் பிள்ளையின்ரை பிழையோ எண்டு எப்பிடித் தெரியும்?”

இன்னொன்றும் அவரிடம் கண்டிப்பு. ஓர் அணிக்குச் சொல்வதை எல்லா அணிக்கும் சொல்ல வேண்டும். இணைய மென்பொருள் வந்த முதல் வருடம் ஓர் அணிக்கு, எந்த வினாவுக்கு அனுப்பினாலும் பிழை என்றே வந்தது. திறந்து பார்த்தால் கணக்கு அவ்வளவும் சரி. ஆனால் விடைக்கு முன்னால் ‘வணக்கம், உங்கள் விடை’ என்று அச்சிட வைத்திருந்தார்கள். யாரோ ஆசிரியர் மரியாதை சொல்லிக்கொடுத்திருக்கிறார். இயந்திரத்துக்கு வணக்கம் தெரியுமா? அது எண்ணைத் தேடியது, வணக்கத்தைக் கண்டது, பிழை என்றது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். சேர் சிரிக்கவில்லை. ‘விடையை மட்டும் அச்சிடவும், வேறு சொற்கள் வேண்டாம்’ என்று எல்லா அணிக்கும் அறிவித்தல் அனுப்பச் சொன்னார். அந்த அறிவித்தல் போன பிறகு இன்னும் மூன்று அணிகள் தங்கள் வணக்கத்தை எடுத்துவிட்டு அனுப்பின. ஓர் அணி மட்டுமா அப்படிச் செய்தது என்று நான் கேட்டுப் பார்க்கவே இல்லை. அவருக்குத் தோன்றியது.

கொப்பியில் எழுதும் வழக்கத்தை நான் சில வருடங்கள் ஒழுங்காகக் காப்பாற்றினேன். பிறகு அணிகள் கூடின. நானும் கை தேர்ந்தவளாகிவிட்டேன். நிரலைத் திறக்காமலே ‘விடை ஒத்துப்போகவில்லை’ என்று எழுதப் பழகினேன். பிழையான விடை என்றால் ஒத்துப்போகாதுதானே. சேர் கொப்பியைப் புரட்டினால் வரி இருக்கும். வரியில் ஒன்றும் இருக்காது.

இனி அந்த வருடத்துக்கு வருகிறேன்.

அந்த முறை எட்டு வினாக்களில் ஒன்றை நான்தான் எழுதினேன். அதுவரை வினாக்கள் எல்லாம் கொழும்பிலிருந்து வரும். விமான நிலையம், பல்மாடிக் கட்டடம், மின்தூக்கி என்று எங்கள் பிள்ளைகள் கண்ணால் காணாதவற்றைப் பற்றி இருக்கும். நம் பிள்ளைகளுக்கு நம் வேலையைப் பற்றி ஒரு வினா இருக்கட்டும் என்று சண்டை பிடித்து வாங்கினேன். அது நான்காம் வினா. தோட்டத்தில் தேயிலை நிலத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து ஒவ்வொன்றையும் ‘மலை’ என்போம். வினா இதுதான்: ஒரு மலையில் முதல் நாள் கொழுந்து பறிக்கிறார்கள். ஏழு நாளுக்கு ஒருமுறை பறிப்பார்கள். பறிக்க வேண்டிய நாள் விடுமுறையானால் அடுத்த வேலை நாளில் பறிப்பார்கள். விடுமுறை நாட்களைக் கொடுத்தால், இத்தனை நாளுக்குள் எத்தனை முறை பறிப்பார்கள்?

நான் போட்ட விடை, கலண்டரைப் பார்த்துப் போட்ட விடை. முதலாம் நாள், எட்டாம் நாள், பதினைந்தாம் நாள் என்று வரிசையை எழுதினேன். எட்டாம் நாள் விடுமுறையானால் ஒன்பதில் பறிப்பார்கள், அதற்கடுத்தது வழக்கம்போலப் பதினைந்து. வினாத்தாளில் ஒரு மாதிரி உதாரணம் கொடுக்க வேண்டும். முப்பது நாள், இருபத்தொன்பதாம் நாள் மட்டும் விடுமுறை, விடை ஐந்து என்று கொடுத்தேன்.

சேர் கண்ணாடியைத் துடைத்து மாட்டி, வினாவை இரண்டு தரம் வாசித்தார்.

“எனக்குத் தோட்ட வேலை தெரியாது, பிள்ளை. உங்கை உண்மையிலை இப்பிடித்தான் நடக்கிறதோ?”

“சேர், நான் தோட்டத்துப் புள்ள. எனக்குத் தெரியாதா?” என்றேன். கொஞ்சம் சூடாகவே சொன்னேன்.

எல்லா வினாவையும் வேறொருவர் தனியாகச் செய்து பார்த்து விடையை ஒப்பிட வேண்டும் என்பது இன்னொரு வழக்கம். இதைச் செய்து பார்த்தவர் நுவரெலியாவிலிருந்து வந்த ஓர் இளம் ஆசிரியர். அவர் என்னிடம்தான் சந்தேகம் கேட்டார். நான் சொன்னபடிதான் எழுதினார். இரண்டு விடையும் அச்சொட்டாகப் பொருந்தின.

போட்டி ஒரு சனிக்கிழமை, ஹட்டனில் ஒரு பாடசாலையில் நடந்தது. இருபத்திரண்டு அணிகள், அணிக்கு மூன்று பேர், ஒன்பது மணியிலிருந்து ஒரு மணி வரை. பெரிய கணினி அறையில் பிள்ளைகள். பக்கத்தில் விஞ்ஞான ஆய்வுகூடத்தில் நடுவர்கள். முதலாவதாக வரும் ஓர் அணி மட்டும் கொழும்பில் நடக்கும் தேசியச் சுற்றுக்குப் போகும்.

காலையில் பெயர் பதியும்போது, பொகவந்தலாவைப் பக்கத் தோட்டப் பாடசாலை ஒன்றிலிருந்து மூன்று பெண்பிள்ளைகளை மோகன் என்ற ஆசிரியர் கூட்டி வந்திருந்தார். அவர்களுக்குப் பதினேழாம் இலக்கம். பிள்ளைகள் உள்ளே போனதும் அவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

“மிஸ், அந்த நடுவுல போற புள்ள தர்ஷினி. எங்கிட்ட ரெண்டே ரெண்டு கம்பியூட்டர் தாங்க ஓடுது. இவ கொப்பியில எழுதிப் பாத்துட்டு வந்து தட்டுவா. தட்டுனா ஓடும். அவங்க அப்பா ஓலெவலோட படிப்ப நிப்பாட்டப் போறாரு, கொழும்புல ஒரு கடையில எடம் பேசிட்டாரு. நான் போயி கெஞ்சுனேன். ‘கொழும்புக்கு ஜெயிச்சுப் போனா படிக்கட்டும் சேர், நான் மறுப்பு சொல்லல’ன்னு சொல்லியிருக்காருங்க.”

“அதையெல்லாம் என்கிட்ட சொல்லக்கூடாது சேர். நான் நடுவர்,” என்று முகத்தை இறுக்கிக்கொண்டு சொன்னேன். சொன்னதில் பிழையில்லை. ஆனால் கேட்டதைக் கேட்காததாக்க முடியாது. பதினேழு என்ற எண் வரும்போதெல்லாம் அந்த மெலிந்த பிள்ளையின் பின்னல் என் கண்ணுக்கு வந்தது.

பதினொரு மணிக்குள் பதினேழாம் அணி மூன்று வினாக்களைச் சரியாகச் செய்துவிட்டது. முன்னால் நின்றது நகரத்துப் பாடசாலை அணி ஒன்றுதான். பதினொன்றுக்குக் கொஞ்சம் பிந்திப் பதினேழிடமிருந்து நான்காம் வினாவுக்கு ஒரு நிரல் வந்தது. பிழையான விடை. கொப்பியில் ‘விடை ஒத்துப்போகவில்லை’ என்று எழுதி அழுத்தினேன். பத்து நிமிடத்தில் இன்னொன்று. அதுவும் பிழை. பிறகு ஒரு விளக்கம் கேட்டு வந்தது: ‘லீவால் ஒரு நாள் தள்ளிப் பறித்தால், அடுத்த ஏழு நாளை எந்த நாளிலிருந்து எண்ணுவது?’

அந்த வரி இன்றைக்கும் எனக்கு எழுத்துப் பிசகாமல் ஞாபகம் இருக்கிறது. அப்போது என் திரையில் ஒன்பது நிரல்கள் வரிசையில் நின்றன. அதற்குள் நான்கு நகரத்து அணிகள் நான்காம் வினாவைச் சரியாகச் செய்திருந்தன. அவர்களுக்கு விளங்கியது இவர்களுக்கு ஏன் விளங்கவில்லை என்று எனக்கு எரிச்சல். பட்டியலில் முதலாவது பதிலைத் தட்டினேன். வினாவை மீண்டும் வாசிக்கவும்.

அவர்கள் மீண்டும் வாசித்திருப்பார்கள். மூன்றாவது தரம் அனுப்பினார்கள். பிழை. நாலாவது. பிழை. நடுவில் மூன்று கணினிகளுக்கு இணைப்புப் போய்விட்டது என்று சேர் பெரிய அறைக்குப் போய்விட்டார். பன்னிரண்டு இருபதுக்கு ஐந்தாவது தரம் வந்தது. வரிசையில் வேறொன்றும் இல்லாததால் சலிப்போடு அந்த நிரலைத் திறந்தேன்.

நேர்த்தியான நிரல். வீணாக ஒரு வரி இல்லை. அடுத்த பறிப்பு நாளைக் கணக்கிடும் இடத்தில், உண்மையில் பறித்த நாளோடு ஏழைக் கூட்டியிருந்தார்கள். பக்கத்தில், ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டி, ஒரு குறிப்பு: ‘பறிச்ச நாள்ள இருந்து ஏழு, கொழுந்து வளரணும்.’

அந்தக் குறிப்பைத் திரும்ப ஒரு தரம் வாசித்தேன்.

கொழுந்துக்குக் கலண்டர் தெரியாது. பறித்த அன்றிலிருந்துதான் அது அடுத்த துளிரை விடும். ஒரு நாள் பிந்திப் பறித்தால் அடுத்ததும் ஒரு நாள் பிந்தும், அதற்கடுத்ததும் பிந்தும். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பிறகு அம்மா போகும் மலையின் கிழமை மாறும். நான் சிறுபிள்ளையாக அம்மாவுக்குச் சோறு கொண்டுபோனவள். எந்த மலைக்குப் போவது என்று அந்தக் கிழமைகளில் கேட்டுக்கொண்டுதான் போவேன். முப்பது வருடத்துக்கு மேல் அம்மா பறித்த கணக்கை, நான் பள்ளிக்கூட நேரசூசி மாதிரிப் போட்டிருந்தேன். நகரத்துப் பிள்ளைகளும் நேரசூசி மாதிரிப் போட்டார்கள். என் விடையோடு ஒத்துப்போனது. தோட்டத்துப் பிள்ளைகள் தோட்டத்தில் நடக்கிறபடி போட்டார்கள், ஒத்துப்போகவில்லை. என் மாதிரி உதாரணத்தில் விடுமுறை கடைசிப் பறிப்பில் வந்ததால், எந்த வழியில் எண்ணினாலும் ஐந்துதான் வரும். அதைப் பார்த்து யாரும் எதையும் கண்டுபிடிக்க முடியாது.

செய்ய வேண்டியது எனக்குத் தெரியும். உடனே எழும்பிப் பக்கத்து அறைக்குப் போய்ச் சேரிடம் சொல்ல வேண்டும். அவர் போட்டியை நிறுத்தி, எல்லா அணிக்கும் அறிவித்து, பதினேழின் முதல் நிரலிலிருந்தே திருத்தித் தந்திருப்பார். நாற்பது நிமிடம் இருந்தது.

நான் எழும்பவில்லை. வலயக் கல்வி அதிகாரிகள் வந்து மண்டபத்தில் முன்வரிசையில் இருந்தார்கள். பிரதம விருந்தினர் ஒரு மணிக்கு வருவார். ‘நான் தோட்டத்துப் புள்ள, எனக்குத் தெரியாதா’ என்று சொன்ன வாய் இது. முடிந்த பிறகு சேரிடம் மெதுவாகச் சொல்லித் திருத்திக்கொள்ளலாம், மென்பொருளில் மீள மதிப்பிட வசதி இருக்கிறது, புள்ளி எங்கேயும் ஓடிப்போகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கொப்பியில் வழக்கமான வரியை எழுதி, ஐந்தாவது தரமும் பிழை என்று அனுப்பினேன்.

பன்னிரண்டு நாற்பதுக்கு ஆறாவது தரம் வந்தது. பிள்ளைகள் முழு நிரலையும் வேறு விதமாகத் திரும்ப எழுதியிருந்தார்கள். அதே விடைதான். சரியான விடை. அது சரி என்று அந்தக் கட்டடத்திலேயே எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். நான் அதற்கும் பிழை என்று அழுத்தினேன். முதல் நாலு தரமும் நான் தெரியாமல் செய்தது. ஐந்தாவதையும் ஆறாவதையும் தெரிந்தே செய்தேன். இதைத்தான் நான் இத்தனை வருடம் சொல்லவில்லை.

அதன் பிறகு அவர்கள் நான்காம் வினாவைக் கைவிட்டுவிட்டார்கள். நடுவில் ஐந்தாம் வினாவை ஏற்கெனவே முடித்திருந்ததால் நாலு சரி. மிச்சமிருந்த இருபது நிமிடத்தில் ஏழாம் வினாவில் இறங்கினார்கள். ஒரு மணிக்கு மணி அடித்தது. ஒரு மணி இரண்டு நிமிடத்துக்குப் பதினேழிடமிருந்து ஏழாம் வினாவுக்கு ஒரு நிரல் வந்து விழுந்தது. நேரம் முடிந்த பிறகு வருவதையும் அந்த மென்பொருள் வாங்கிக்கொள்ளும். ‘பிந்தியது’ என்று குறித்து ஒதுக்கி வைக்கும். அது கணக்கில் சேராது. அணிக்கு முடிவும் போகாது. ஆனால் நடுவர் விரும்பினால் ஓட்டிப் பார்க்கலாம்.

நான் ஓட்டிப் பார்த்தேன். ஏன் என்று இப்போதும் தெரியவில்லை. பிழை என்று வந்தால் என் மனது ஆறும் என்று நினைத்திருப்பேன். சோதனைத் தரவு பதினான்கு. ஒவ்வொன்றாகப் பச்சை விழுந்தது. பதினான்கும் சரி.

சேர் வந்ததும் நான்காம் வினாவைப் பற்றிச் சொன்னேன். பிழை என்னுடையது என்றும் சொன்னேன். எப்போது தெரிந்தது என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவர் கதிரையில் உட்கார்ந்து வினாவை ஒரு தரம் வாசித்தார், பிள்ளைகள் கேட்ட விளக்கத்தை வாசித்தார், நான் அனுப்பிய பதிலை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“பிள்ளையள் கேட்டிருக்கினம்,” என்றார். அவ்வளவுதான்.

இரண்டு விதமாக எண்ணினாலும் சரி என்று எடுத்து, நான்காம் வினாவை எல்லா அணிக்கும் மீள மதிப்பிட்டோம். பதினேழாம் அணிக்கு முதல் தரம் அனுப்பியதே சரி என்று மாறியது. ஐந்து வினாக்கள். நகரத்து அணிக்கும் ஐந்து. சமமானால் மொத்த நேரம் குறைந்த அணிக்கு முதலிடம். நகரத்து அணியின் நேரம் குறைவு. பதினேழு இரண்டாமிடம்.

சேர் முடிவுத்தாளில் கையெழுத்துப் போடுவதற்கு முன் பேனையைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“அந்தப் பிள்ளையளுக்கு ஒன்றரை மணித்தியாலம் வீணாப் போச்சுது. அதை நாங்கள் குடுக்க ஏலாது. ஆனால் கொழும்புக்கு எழுதி ரெண்டு அணி விடச் சொல்லிக் கேக்க, எனக்கு ஏதாவது ஒரு ஆதாரம் வேணும். வேற ஏதும் இருக்கோ, பிள்ளை?”

என் திரையில் அந்தப் பிந்திய நிரல் பதினான்கு பச்சையோடு இருந்தது. அதைக் காட்டினால், இருபது நிமிடம் முன்னதாகவே நான்காம் வினாவிலிருந்து அவர்களை ஏன் விடவில்லை என்ற கேள்வி வரும். ஆறாவது நிரலின் நேரம் வரும், ஐந்தாவதைத் திறந்து வாசித்தது யார் என்று வரும்.

“இல்ல சேர்,” என்றேன்.

அவர் கையெழுத்துப் போட்டார். மண்டபத்தில் அவரே ஒலிவாங்கியைப் பிடித்து, நான்காம் வினாவில் பிழை நடந்தது, அது நடுவர் குழுவின் பிழை, பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்கிறோம் என்றார். என் பெயரைச் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்கும்போது குனிந்து பதினேழாம் அணி இருந்த பக்கம் பார்த்தார். நகரத்துப் பிள்ளைகள் மேடைக்கு ஏறினார்கள். அவர்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை, நன்றாகச் செய்தவர்கள்தான்.

எல்லாரும் பணிசும் தேநீரும் எடுத்துக்கொண்டிருந்தபோது தர்ஷினி ஆய்வுகூடத்து வாசலுக்கு வந்தாள். மோகன் சேர் பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று பின்னால் நின்று கூப்பிட்டார். அவள் அழவில்லை. நான் திட்டு வாங்கத் தயாராக இருந்தேன். அவள் கேட்டது வேறு.

“மிஸ், நாங்க கடைசியா ஏழாவது அனுப்புனோம். லேட்டுன்னு வந்துருச்சு. அது சேராதுன்னு தெரியும் மிஸ். சரியா பிழையான்னு மட்டும் பாத்துச் சொல்றீங்களா? எங்க அப்பாகிட்ட சொல்லலாம்னு.”

“டைம் முடிஞ்சப்புறம் வர்றத நாங்க பாக்குறதில்லம்மா,” என்றேன்.

“சரிங்க மிஸ். வர்றோம்,” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அடுத்த வருடம் மோகன் சேர் வேறு பிள்ளைகளோடு வந்தார். தர்ஷினி ஓலெவல் நன்றாகச் செய்தாளாம். அப்பா சொன்னபடியே கொழும்புக் கடைக்கு அனுப்பிவிட்டாராம். “ஜெயிச்சிருந்தா அவரு வாக்கு மாற மாட்டாருங்க மிஸ், அப்பிடிப்பட்ட ஆளு,” என்றார். நான் அணி இலக்கத்தை எழுதிக் கொடுத்தேன். அருளம்பலம் சேரிடம் எப்படியாவது சொல்லிவிட வேண்டும் என்று இரண்டு தரம் போனேன், இரண்டு தரமும் வேறு கதை பேசிவிட்டு வந்தேன். அவர் ஓய்வு பெற்று ஊருக்குப் போய், அங்கேயே காலமானார்.

ரேணுகா, நீ கேட்ட கட்டுரைக்கு வருகிறேன். பொத்தானை எடுத்துவிட்டதில் எனக்கு வருத்தம் இல்லை. என் பிழையான விடையை வைத்திருந்தால் இயந்திரமும் அந்தப் பிள்ளைகளுக்கு ஆறு தரமும் பிழை என்றுதான் சொல்லியிருக்கும். ஆனால் அதற்கு ஐந்தாவது தரத்தில் உண்மை தெரிந்திருக்காது. எனக்குத் தெரிந்தது. ஒரு நாள் உனக்கும் தெரிய வரும். பிள்ளைகள் விளக்கம் கேட்டு அனுப்புவது இனியும் மனிதர்களுக்குத்தான் வரும். அந்தத் தயார்ப் பதில் பட்டியலை அழித்துவிடு. ஒவ்வொன்றுக்கும் கையால் எழுதுங்கள். பிழை உன்னுடையது என்று தெரிந்த நிமிடமே எழும்பிப் போ. முன்வரிசையில் யார் இருந்தாலும் போ.

இந்தக் கட்டுரையை எங்கே வெளியிடுகிறாயோ தெரியாது. வெட்டாமல் முழுதாகப் போடு. கொழும்பில் ஏதோ ஒரு கடையில் அந்தப் பிள்ளை இருக்கிறாள். பிள்ளை என்கிறேன், இப்போது அவளுக்கே பிள்ளைகள் இருக்கலாம். யாராவது அவளுக்கு இதைக் காட்டுவார்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

தர்ஷினி, உங்கள் ஏழாம் வினா சரி. பதினான்கு தரவிலும் சரி. நீ வாசலில் வந்து நின்று கேட்டபோதே எனக்கு அது தெரியும்.